திருப்பூரிலிருந்து வெளிநாட்டு பையருக்கு முதல் கடிதம் எழுதுவது எப்படி?

சின்ன பனியன் கம்பெனி தொடங்கியிருக்கிறேன், ஐரோப்பிய பையர்களுக்கு (மொத்தமாக உடை வாங்கும் நிறுவனங்களுக்கு) இருநூறு மெயில் போட்டும் ஒரு பதில்கூட இல்லை என்று கேட்டிருந்தீர்கள்.

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீஸில், அதாவது வெளிநாட்டு பையர்களுக்காக இங்கே சரக்கு வாங்கித் தரும் அலுவலகத்தில், ஆறு வருடம் ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசராக இருந்தேன். இந்த மாதிரி மெயில்களைப் படிப்பதும் என் வேலைதான். "நாங்கள் முன்னணி உற்பத்தியாளர், தரமே எங்கள் தாரக மந்திரம், நியாயமான விலை" என்று இருக்கும். கீழே ஒரு பெரிய கேட்லாக். 'டியர் சார்' என்று தொடங்கும், படித்து முடிவெடுத்த எங்கள் மேலாளரோ ஒரு பெண்மணி. அனுப்பியவர் நல்ல தொழில்காரராகவே இருந்திருப்பார். ஆனால் கம்பெனி பெயரை மாற்றி வேறு யார் அனுப்பினாலும் அந்தக் கடிதம் அப்படியே பொருந்தும். எதை வைத்து அவரைத் தனியாகப் பார்ப்பது?

அப்புறம் நானே சொந்த யூனிட் தொடங்கியபோது, குழந்தைகள் உடை விற்கும் ஒரு சின்ன ஜெர்மன் பிராண்டை மட்டும் எடுத்துக்கொண்டேன். அங்கிருந்து ஊருக்கு வந்த சொந்தக்காரரிடம் சொல்லி அவர்களுடைய டி-ஷர்ட் இரண்டு வாங்கிவரச் செய்தேன். மூன்று தடவை துவைத்ததில் சைடு தையல் முன்பக்கமாகத் திரும்பிவிட்டது. டி-ஷர்ட்டுக்கு வழக்கமாகப் போடும் மெல்லிய பின்னல் துணியான சிங்கிள் ஜெர்சியில் அடிக்கடி வரும் பிரச்சினைதான். நூலின் முறுக்கு, நிட்டிங் மெஷினில் நூலை ஊட்டும் ஃபீடர் எத்தனை, துணியை எப்படி ஃபினிஷிங் செய்கிறார்கள் என்று பல காரணம் சேர்ந்து வருவது.

கடிதத்தை அதிலிருந்தே தொடங்கினேன். ஆனால் "உங்கள் சரக்கில் குறை" என்று எழுதவில்லை. இப்போதைய சப்ளையரைத் தேர்ந்தெடுத்தவரே அந்தக் கடிதத்தைப் படிப்பவராக இருக்கலாம், அவர் மனம் நோகக் கூடாது. ஆங்கிலத்தில் அனுப்பியதன் சாரம் இது:

"உங்கள் கோடுபோட்ட டி-ஷர்ட்டை 40 டிகிரியில் மூன்று முறை துவைத்தோம். நிறம் அப்படியே நிற்கிறது. பக்கத் தையல் சுமார் 3 சென்டிமீட்டர் திரும்புகிறது. அதே 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 160 கிராம்) துணியை நாங்கள் நிட்டிங் செய்து துவைத்ததில் 1 சென்டிமீட்டருக்குள் நின்றது. ஒரு சாம்பிள் அனுப்பட்டுமா? ஒரு நிறத்துக்கு 300 பீஸிலிருந்து ஆர்டர் எடுப்போம். பிரிண்டிங் வெளியே கொடுத்துச் செய்கிறோம். வோவன் (நெய்த துணி) உடைகள் எங்களிடம் இல்லை."

அவ்வளவுதான். கடைசி இரண்டு வரியை எழுதப் பலருக்குத் தயக்கம் இருக்கிறது. எல்லாம் செய்வோம் என்று சொல்கிறவரை நான் பையிங் ஆபீஸில் ஒருநாளும் நம்பியதில்லை. இல்லாததை இல்லை என்று எழுதியவரின் மற்ற வரிகளைத்தான் நம்பிப் படித்தேன்.

ஆர்கானிக் என்று எழுதுவதாக இருந்தால் கவனம் தேவை. ஆர்கானிக் ஜவுளிக்கான சர்வதேசத் தரச் சான்றான ஜிஓடிஎஸ் (GOTS) இருந்தால் உரிம எண்ணையும் போடுங்கள், பொதுத் தரவுத்தளத்தில் அவர்களே பார்த்துக்கொள்வார்கள். நூலுக்கு மட்டும் சான்று வைத்துக்கொண்டு உடையை ஜிஓடிஎஸ் என்று எழுதக் கூடாது. நிட்டிங், சாயம், தையல் என ஒவ்வொரு கட்டத்துக்கும் சான்று வேண்டும்.

ஆகஸ்டில் அனுப்பாதீர்கள். ஐரோப்பாவில் நிறையப் பேர் விடுமுறையில் இருக்கும் மாதம் அது. மற்ற நேரத்தில் அனுப்பியும் பதில் வரவில்லை என்றால், பத்து நாள் கழித்து ஒரே ஒரு முறை நினைவூட்டுங்கள், புதிதாக ஏதாவது ஒன்றோடு. நான் துவைத்த அவர்களுடைய சட்டையையும் எங்களுடையதையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்து எடுத்த படத்தை அனுப்பினேன். இரண்டு சைஸில் சாம்பிள் கேட்டு வந்த பதில், அந்த மெயிலுக்கு வந்ததுதான்.