ஞாயிற்றுக்கிழமை அடுக்கிய வீடு புதன்கிழமை கலைவது ஏன்?

கேள்வி: நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள், பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் இருவர். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் செலவழித்து வீட்டை அடுக்குகிறேன். புதன்கிழமைக்குள் பழையபடி ஆகிவிடுகிறது. பெட்டிகள், கூடைகள், கதவு வைத்த அலமாரி எல்லாம் வாங்கியாகிவிட்டது. ஆனாலும் சாவி, மூக்குக்கண்ணாடி, ரசீது, பள்ளியில் கையெழுத்துக் கேட்டு அனுப்பும் தாள் என்று தினமும் ஏதாவது ஒன்றைத் தேடுகிறோம். 'அது எங்கே?' என்று எல்லோரும் என்னைத்தான் கேட்கிறார்கள். போன மாதம் மின் கட்டணத்தை மறந்து அபராதமும் கட்டினோம். எனக்கு ஒழுங்கு என்பதே வராதா?
- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

வாரம் தவறாமல் அரை நாளை ஒதுக்கி வீட்டை அடுக்குகிற ஒருவருக்கு ஒழுங்கு வராது என்று யாரும் சொல்ல முடியாது. எல்லோரும் உங்களைத்தான் கேட்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே பாதி விடை இருக்கிறது. எந்தப் பொருள் எங்கே இருக்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்து, நீங்களே அடுக்கி, நீங்களே நினைவிலும் வைத்துக்கொள்கிறீர்கள். மற்ற மூவருக்கும் அந்த இடங்கள் தெரியாது. தெரியாத இடத்தில் யாராலும் ஒரு பொருளைத் திருப்பி வைக்க முடியாது. தெரிந்தாலும் வைக்க மாட்டார்கள் என்று நீங்கள் சொல்லக்கூடும். அதற்கும் காரணம் உண்டு.

கத்தரிக்கோலையே எடுத்துக்கொள்வோம். அலமாரிக் கதவைத் திறந்து, மேலே இருக்கும் பெட்டியை இறக்கி, அடியில் உள்ள பெட்டியின் மூடியைக் கழற்றினால்தான் கைக்கு வரும் என்ற நிலையில் அது இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவை இருப்பதால், எடுக்கும்போது இத்தனையையும் செய்துவிடுவோம். வெட்டி முடித்த பிறகு தேவை தீர்ந்துவிடுகிறது. அதே வேலையைத் தலைகீழாக இன்னொரு முறை செய்யும்படி நம்மை உந்த எதுவும் இல்லை. கத்தரிக்கோல் மேசையிலேயே தங்கிவிடும். ஆகவே ஒரு பொருளுக்கு இடம் தேர்ந்தெடுக்கும்போது, எடுக்க எளிதா என்று பார்ப்பதைவிட, களைத்துப்போனவர் யோசிக்காமல் திருப்பி வைக்கக்கூடிய இடமா என்று பாருங்கள். தினமும் புழங்குகிற பொருளுக்கு மூடியும் வேண்டாம், கதவும் வேண்டாம், ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கவும் வேண்டாம். திறந்த தட்டு, சுவரில் ஒரு கொக்கி, மூடி இல்லாத கூடை ஆகியவை போதும். பத்திரிகைகளில் வரும் அழகான வீட்டுப் படங்களில் இவை கண்ணில் படுவதில்லை. அந்தப் படங்களில் ஆட்களும் இருப்பதில்லை.

இடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு வாரம் எதையும் அடுக்காமல், பொருள்கள் தாமாக எங்கே போய்ச் சேர்கின்றன என்று மட்டும் கவனியுங்கள். சாவி எப்போதும் வாசலுக்குப் பக்கத்தில் உள்ள நாற்காலியில்தான் விழுகிறது என்றால், கொக்கி வர வேண்டிய இடம் அந்த நாற்காலிக்கு மேல் உள்ள சுவர்தான். உள்ளறை மேசையின் இழுப்பறை எவ்வளவு பொருத்தமாகத் தோன்றினாலும் சாவி அதுவரை நடக்காது. பழக்கத்தை மாற்றுவதைவிட இடத்தை மாற்றுவது எளிது.

தொழிற்சாலைகளில் இந்த விஷயத்தை நெடுங்காலமாகக் கையாண்டு வருகிறார்கள். ஜப்பானியத் தொழிற்கூடங்களில் உருவாகி உலகெங்கும் பரவிய, பணியிடத்தை ஒழுங்காக வைத்திருப்பதற்கான 'ஐந்து எஸ்' முறையில், கருவிகளைத் தொங்கவிடும் பலகையில் ஒவ்வொரு கருவியின் வடிவத்தையும் அதன் இடத்திலேயே வரைந்து வைப்பார்கள். எது எங்கே போக வேண்டும் என்று புதிதாக வந்தவருக்கும் தெரியும். எது இன்னும் திரும்பி வரவில்லை என்பதும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். உங்கள் வீட்டுச் சுவரில் கத்தரிக்கோலை வரையச் சொல்லவில்லை. கூடையின் முன்புறத்தில் பெரிய எழுத்தில் ஒரு சீட்டு ஒட்டுங்கள். எதை எங்கே வைக்கலாம் என்று பிள்ளைகளையே சொல்லவிட்டு, சீட்டையும் அவர்களையே எழுதச் சொல்லுங்கள். தானே தீர்மானித்த இடத்தைக் குழந்தை எளிதில் மறப்பதில்லை.

அதே முறையில் முதல் படி வேண்டாதவற்றைப் பிரித்து அகற்றுவது. இடம் ஒதுக்கி அடுக்குவது அதற்குப் பிறகுதான். பெட்டிகளை முதலில் வாங்கியதால் உங்கள் வீட்டில் இந்த வரிசை மாறிவிட்டது என்று நினைக்கிறேன். தேவையில்லாத பொருளையும் மூடி போட்டுப் பாதுகாக்கிற வேலையைத்தான் அந்தப் பெட்டிகள் செய்துகொண்டிருக்கும். இனி ஒரு பெட்டிகூட வாங்க வேண்டாம். வேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்ய முடியாத பொருள்கள் இருக்கத்தான் செய்யும். தொழிற்சாலையில் அப்படிப்பட்டவற்றுக்குச் சிவப்புச் சீட்டுக் கட்டித் தனியிடத்தில் வைப்பார்கள். குறித்த காலத்துக்குள் யாரும் தேடி வராவிட்டால் அப்புறப்படுத்துவார்கள். வீட்டில் ஒரு பை எடுத்து, ஆறு மாதம் கழித்து வரும் ஒரு தேதியை அதன்மேல் எழுதி வைத்தால் போதும். கணவருடைய பொருளையோ பிள்ளைகளுடைய பொருளையோ கேட்காமல் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அப்படிச் செய்தால் பிறகு அவர்கள் எல்லாவற்றையும் ஒளித்து வைக்கத் தொடங்குவார்கள்.

துணி, பாத்திரம் ஆகியவற்றைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. ஒரு சட்டையைப் பார்த்தால் அதை என்ன செய்ய வேண்டும் என்று தெரியும். தாள் அப்படியல்ல. உங்கள் மேசை ஓரத்தில் இப்போது இருக்கும் தாள் குவியலை மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். கட்டணச் சீட்டு, மருத்துவரின் மருந்துச் சீட்டு, பள்ளிச் சுற்றறிக்கை, காலாவதியான தள்ளுபடி அறிவிப்பு, மின்விசிறிக்குத் தந்த உத்தரவாத அட்டை, பிரிக்காத ஓர் உறை ஆகியவை இருக்கலாம். அந்தக் குவியலில் உள்ள ஒவ்வொன்றும், அன்றைக்கு எடுக்காமல் தள்ளிப்போட்ட ஒரு முடிவு. ஆகவே தாளைக் கையில் எடுத்தால் முடிவு எடுக்காமல் கீழே வைப்பதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதாவது செய்ய வேண்டிய தாள் என்றால், எந்த நாளில் செய்யப்போகிறோம் என்பதை அதன் மேல் மூலையில் பென்சிலால் எழுதி, வாசல் பக்கத்தில் ஒரே ஒரு தட்டில் வையுங்கள். கட்டணத்தைப் பொறுத்தவரை, கடைசி நாளை எழுதாமல் அதற்கு மூன்று நாள் முந்தைய தேதியை எழுதுங்கள். வைத்திருக்க வேண்டிய தாள் அன்றே கோப்பில் சேரட்டும். மற்றவற்றை எறிந்துவிடலாம், கணக்கு எண் உள்ள தாள்களை மட்டும் கிழித்து எறிய வேண்டும்.

தேதியை எழுதச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. முடிக்காத வேலைகள் மனத்தை விடாமல் குடைந்துகொண்டிருக்கும் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டவட்டமாகத் தீர்மானித்துவிட்டால், வேலை முடியாமலிருந்தாலும் அந்தக் குடைச்சல் வெகுவாகக் குறைகிறது என்று மசிகாம்போ, பௌமைஸ்டர் என்னும் உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. கைப்பேசியில் நினைவூட்டல் வைப்பதாக இருந்தால், அந்த வேலையைச் செய்யக்கூடிய இடத்தில் நீங்கள் இருக்கும் நேரத்துக்கு வையுங்கள். சீட்டு வீட்டில் இருக்க, அலுவலகத்தில் முற்பகல் பதினொரு மணிக்கு அடிக்கும் மணியை அணைத்துவிட்டு மறந்துபோவதுதான் நடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை வேலையை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதை நாம் எல்லோருமே குறைத்துத்தான் மதிப்பிடுகிறோம். பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருந்த மாணவர்களை வைத்து 1994-இல் வெளியான ஓர் ஆய்வில், அவர்கள் சராசரியாக 34 நாளில் முடிப்போம் என்றார்கள். ஆனதோ 55 நாளுக்கும் மேல். வீடு முழுவதையும் ஒரே நாளில் முடிக்கப் புறப்பட்டால், மாலையில் பாதி அலமாரி தரையில் கிடக்கும். அதற்குப் பதிலாக இரவு படுக்கும் முன் பதினைந்து நிமிடம், நால்வரும் ஒரே நேரத்தில், அன்று வெளியே வந்த பொருள்களை அவற்றின் இடத்தில் சேர்த்துவிடுங்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்னும் ஆய்வாளரின் குழு 2010-இல் வெளியிட்ட ஆய்வின்படி, ஒரு புதிய செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாறச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் அது 18 நாளிலிருந்து 254 நாள் வரை வேறுபட்டது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை என்பதையும் அவர்கள் கண்டார்கள். ஆகவே ஒரு நாள் முடியவில்லை என்றால் மறுநாள் தொடருங்கள். இரண்டு நாள் வேலையைச் சேர்த்துச் செய்ய முயல வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சிறு வயதிலிருந்தே பொருள்களைத் தொலைப்பதும், நேரம் தவறுவதும், தொடங்கியதை முடிக்க முடியாமல் போவதும் வீட்டிலும் அலுவலகத்திலும் ஒருசேர இருந்து வந்திருந்தால், கவனக்குறைபாட்டுக் கோளாறு இருக்கிறதா என்று மனநல மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம். உங்கள் கடிதத்தைப் படித்த அளவில் எனக்கு அப்படித் தோன்றவில்லை.

கடைசியாக உங்கள் கணவரைப் பற்றி. நீங்கள் நினைவூட்டிய பிறகு அவர் கட்டணத்தைக் கட்டுவதால் உங்கள் சுமை குறையாது. நினைவில் வைத்திருப்பதுதான் அந்த வேலையில் பெரும்பகுதி. கட்டணங்கள் முழுவதையும், சீட்டு வருகிறதா என்று பார்ப்பது முதல் ரசீதைக் கோப்பில் சேர்ப்பது வரை, அவரிடம் ஒப்படைத்துவிடுங்கள். அவர் தமக்கு வசதியான முறையில் செய்யட்டும். வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கட்டும் வசதியை ஏற்படுத்திக்கொண்டாலும் சரி. முதல் இரண்டு மாதம் தேதி நெருங்கும்போது கேட்டுவிட வேண்டும் என்று உங்களுக்கு நாக்கு துடிக்கும். கேட்காதீர்கள். ஒருமுறை தேதி தவறி அபராதம் வந்தால், அதையும் அவரே கட்டட்டும்.