ஒன்பதாம் நாளில் நின்றுபோகும் திட்டங்கள்

கேள்வி: எனக்கு 36 வயது. வேலை இருக்கிறது, வீட்டிலும் பெரிய குறையில்லை. ஆனாலும் நாட்கள் வெறுமனே கழிகின்றன. உடற்பயிற்சி, வாசிப்பு, புதிய மொழி, ஓவியம் என நோட்டில் எழுதிவைத்து, விடியற்காலை 5 மணிக்கு எழுந்து ஆரம்பிப்பேன். எட்டு, ஒன்பது நாள் ஓடும். ஒருநாள் தவறினாலும் அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, அடுத்த மாதம் ஒன்றாம் தேதிக்குத் தள்ளிவிடுவேன். பள்ளி நாட்களில் பென்சிலால் முகங்கள் வரைவேன். வரைய உட்கார்ந்தால் பசிகூடத் தெரியாது. அந்த ஓவிய நோட்டு இப்போது அலமாரியின் மேல்தட்டில், பெட்டிகளுக்கு அடியில் கிடக்கிறது. எனக்கு மன உறுதியே இல்லையா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

மன உறுதி இல்லாதவர் இத்தனை முறை மறுபடி ஆரம்பிக்க மாட்டார். கோளாறு திட்டத்தில் இருக்கிறது. நான்கு புதுப் பழக்கங்களோடு தூங்கும் நேரத்தையும் ஒரே நாளில் மாற்றுகிறீர்கள். தூக்கம் குறைந்த உடம்பு ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும். பிறகு நான்கும் சேர்ந்தே சரியும்.

மற்ற மூன்றையும் பெயரோடு கடந்துவிட்ட நீங்கள், ஓவியத்தைப் பற்றி மட்டும் நிறுத்தி எழுதியிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குங்கள். மற்றவை இரண்டு மாதம் காத்திருக்கட்டும். இன்றே அந்தப் பெட்டிகளை இறக்கி, நோட்டை எடுத்து, சீவிய பென்சிலோடு மேசைமேல் திறந்தே வையுங்கள். நாற்காலி போட்டு ஏறி எடுக்க வேண்டிய பொருளை அசந்துபோன நாளில் யாரும் எடுப்பதில்லை.

'மாலையில் வரைவேன்' என்று எழுதாதீர்கள். 'இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் பத்து நிமிடம் வரைவேன்' என்று எழுதுங்கள். 'இது நடந்ததும் இதைச் செய்வேன்' என்ற வகைத் திட்டம் வெறும் இலக்கைவிட அதிகம் நிறைவேறுகிறது என்பதை உளவியலாளர் பீட்டர் கோல்விட்ஸரின் ஆய்வுகள் காட்டியுள்ளன. எப்போது, எங்கே என்ற முடிவு முன்பே எடுக்கப்பட்டுவிடுகிறது. கழுவிய தட்டே நினைவுபடுத்திவிடும். முடியாத நாளில் இரண்டு நிமிடம், ஒரு கண்ணை மட்டும் வரையுங்கள்.

ஆர்வம் வந்த பிறகு உட்காரலாம் என்று இருக்காதீர்கள். பெரும்பாலும் உட்கார்ந்த பிறகுதான் அது வரும். முதல் படங்கள் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம்: இத்தனை ஆண்டில் ரசனை வளர்ந்திருக்கும், கை பழக்கம் விட்டுப்போயிருக்கும். பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். முதல் இருபது படங்களுக்குத் தேதி மட்டும் போடுங்கள், யாரிடமும் காட்ட வேண்டாம்.

பக்கத்தைக் கிழிப்பதுதான் என்னை அதிகம் வருத்தியது. லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் நடத்திய ஆய்வில், ஒரு செயல் தானாக வரும் பழக்கமாக ஏறத்தாழ 66 நாட்கள் பிடித்தன. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. இடையில் ஒருநாள் விட்டுப்போனது பெரிய பாதிப்பை உண்டாக்கவில்லை. தவறிய நாளுக்கு நேராக ஒரு கோடு போட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். மூன்று நாள் சேர்ந்தாற்போல் கோடு விழுந்தால், உங்களைத் திட்டிக்கொள்ளாமல் நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

முன்பு பிடித்த எதிலும் இரண்டு வாரத்துக்கு மேல் நாட்டமே இல்லாமல், தூக்கமும் பசியும் மாறிப்போனால், இது திட்டத்தால் தீராது. தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தட்டைக் கழுவியதும் யோசிக்காமலே கை பென்சிலைத் தேடும் நாள் வரும். இரண்டாவது இலக்கை அப்போது சேர்த்துக்கொள்ளுங்கள்.