வயிற்றைக் காப்பாற்றும் வலி மாத்திரை சிறுநீரகத்தை என்ன செய்யும்?

கேள்வி: அம்மாவுக்கு 62 வயசுங்க. அந்தியூர் பக்கம் தோட்டத்துல இருக்காங்க, ரெண்டு மாடு கறக்கறாங்க. முழங்கால் தேய்மானம்னு எக்ஸ்ரே பார்த்துச் சொல்லிட்டாங்க. முன்னாடி போட்ட டைக்ளோஃபெனாக் வயித்தைப் புண்ணாக்கிருச்சு. மருந்துக் கடையில "இது வயித்தை ஒண்ணும் பண்ணாதுங்க"ன்னு எடோரிகாக்சிப் 90 குடுத்தாங்க. மூணு மாசமா தினமும் போடறாங்க, மாத்திரை நல்லாக் கேக்குது. ஆனா இப்பக் கணுக்கால் வீங்குது, பிபி 160க்கு ஏறிருச்சு. பிபிக்கு டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேர்ந்தது போடறாங்க. வலி மாத்திரையத் தொடரலாங்களா?

பதில்: வேண்டாம், இன்றே நிறுத்திவிடுங்கள். வலி மாத்திரையை மட்டும்; பிபி மாத்திரை தொடரட்டும். பயத்தில் இரண்டையும் நிறுத்திவிட்டு வருகிறவர்கள் உண்டு, அதனால்தான் அழுத்திச் சொல்கிறேன்.

கடைக்காரர் சொன்னது பொய்யில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறார். மூட்டு வலிக்கும் வீக்கத்துக்கும் காரணமான புராஸ்டாகிளாண்டினை உடலில் காக்ஸ் என்ற நொதி தயாரிக்கிறது. அதில் இரண்டு வகை. காக்ஸ்-1 எந்நேரமும் வேலை செய்து இரைப்பையின் உள்தோலைக் காக்கிறது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி உள்ள இடத்தில் பெருகுகிறது. டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் போன்றவை இரண்டையும் தடுக்கும். வலி குறையும், வயிறு புண்ணாகும். செலிகாக்சிபும் எடோரிகாக்சிபும் காக்ஸ்-2ஐ மட்டும் குறிவைத்துச் செய்யப்பட்டவை. அதனால் வயிற்றுப்புண் குறைவு, அறவே இல்லை என்றில்லை. வலியைக் குறைப்பதில் பழைய மாத்திரைகளைவிட இவை உசத்தியும் இல்லை.

சிக்கல் என்னவென்றால், சிறுநீரகத்துக்கும் ரத்தக்குழாய்களுக்கும் காக்ஸ்-2 அன்றாடம் வேண்டும். அதை அடைத்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கும். அம்மாவின் கணுக்கால் வீக்கமும் ஏறிய பிபியும் பெரும்பாலும் இதனால்தான். கூடவே டெல்மிசார்டனும் நீர் மாத்திரையும் சேரும்போது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தம் மேலும் குறைகிறது. சித்திரை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் தோட்ட வேலை பார்த்தால் சில நாட்களிலேயே ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு) ஏறிவிடலாம். இதயத்துக்கும் ஆபத்து உண்டு: இதே இனத்து ரோஃபெகாக்சிப் 1999இல் விற்பனைக்கு வந்து, மாரடைப்பும் பக்கவாதமும் கூடியதால் 2004இல் திரும்பப் பெறப்பட்டது.

மாடு வளர்க்கும் வீடு என்பதால் ஒன்று சொல்லலாம். டைக்ளோஃபெனாக் ஊசி போட்ட மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து கூட்டம் கூட்டமாகச் செத்தன. 2006இல் கால்நடைக்கு அந்த மருந்தை இந்தியா தடை செய்தது. சத்தியமங்கலத்தை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் மிச்சமிருக்கும் கழுகுகளுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மனிதச் சிறுநீரகம் அவ்வளவு மென்மையானதல்ல, ஆனாலும் தாங்கும் அளவு ஒன்று இருக்கிறது.

அளவும் தவறு. தேய்மானத்துக்கு எடோரிகாக்சிப் 30, மிஞ்சினால் 60 மில்லிகிராம்தான். பிபி 140/90க்கு மேலேயே நிற்பவர்களுக்கு அதுவும் கூடாது.

இந்த வாரமே பிபி, கிரியேட்டினின், பொட்டாசியம், சிறுநீர் பரிசோதனை செய்யுங்கள். நெஞ்சு வலி, மூச்சு வாங்குதல், சிறுநீர் குறைதல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். வலிக்கு இப்போதைக்குப் பாராசிட்டமால் பார்க்கலாம். டைக்ளோஃபெனாக் களிம்பு ரத்தத்தில் மிகக் குறைவாகவே கலக்கும் என்றாலும், சிறுநீரக முடிவைப் பார்த்த பிறகு தடவலாம். குத்தவைத்துப் பால் கறப்பதை விட்டு முக்காலியில் உட்காரச் சொல்லுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டி, பத்து எண்ணும்வரை பிடித்து இறக்கும் தொடைப் பயிற்சியை இரண்டு வேளையும் செய்யட்டும். மாத்திரை வலியை மறைக்கும். முழங்காலைத் தாங்குவது தொடைத் தசைதான்.

காலையில் எழுந்ததும் விரல்கள் ஒரு மணி நேரத்துக்கு மேல் விறைத்திருக்கின்றனவா என்றும் கேட்டுப் பாருங்கள். அப்படியிருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம். அதற்கு மெத்தோட்ரெக்சேட் போன்ற வேறு மருந்து வேண்டும், மூட்டுவாத மருத்துவரிடம் காட்டுங்கள்.