மகனின் பாடசாலைக் கட்டணமும் திரும்பத் திரும்ப அடகு போகும் 16 பவுணும்

கேள்வி: மட்டக்களப்பு, கல்லடியில் வசிக்கிறேன். அரச அலுவலகமொன்றில் எழுதுவினைஞராக இருக்கிறேன். கணவர் டோஹாவில் ஒரு கட்டட ஒப்பந்த நிறுவனத்தில் மேற்பார்வையாளர். 14 வயது மகன் கோலாலம்பூரில் கணவரின் தமையனார் வீட்டில் தங்கி, அங்குள்ள சர்வதேசப் பாடசாலை ஒன்றில் படிக்கிறான். நான்கு தவணைகள் முடிந்துவிட்டன. அவனுக்குப் பாடசாலை மிகவும் பிடித்திருக்கிறது. கட்டணத்துக்குப் பணம் போதாத ஒவ்வொரு தடவையும் என் 16 பவுண் நகைதான் கைகொடுக்கிறது. தங்கத்தின் விலை ஏறியதால் அதே நகைக்கு மேலும் மேலும் பணம் தந்தார்கள். அடகுக் கடன் இப்போது 24 இலட்சம் ரூபாய். ஆண்டு வட்டி 15 வீதம். வெல்லாவெளியில் எனக்குச் சீதனமாக வந்த இரண்டு ஏக்கர் வயலை ஈடு வைத்து, தனக்குத் தெரிந்த டிஜிட்டல் நாணயத் திட்டமொன்றில் போட்டால் மாதம் 4 வீதம் வரும், அதிலேயே கட்டணத்தைக் கட்டிவிடலாம் என்கிறார் தமையனார். அந்த வயல் 9 வயது மகளுக்கென்று நாங்கள் நினைத்திருந்தது. மகனை இடையில் நிறுத்தினால் ஊர் என்ன சொல்லும் என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்வது?

பதில்: சகோதரி, வரவு செலவையெல்லாம் ஒரு தாளில் ஒழுங்காக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். சிக்கனமாக வாழ்வது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. உங்கள் வீட்டைக் கெடுப்பது ஒரே ஒரு பழக்கம்: தங்கம் விலை ஏறும்போதெல்லாம் அதே நகையின் மீது கூடுதலாகக் கடன் எடுப்பது. அடகுச் சீட்டைப் புதுப்பிக்கும்போது பழைய வட்டியும் புதிய முதலோடு சேர்ந்துவிடுகிறது. கையில் காசு வருவதால் நகை உதவியதாகத் தோன்றுகிறது. உண்மையில் நகையின் விலை ஏற்றத்தால் உங்களுக்கு வந்திருக்க வேண்டிய இலாபம் முழுவதும் கட்டணமாகப் போய்விட்டது.

உங்கள் தாளில் உள்ள எண்களையே எடுத்துக்கொள்கிறேன். பாடசாலைக் கட்டணம் ஆண்டுக்கு 32,000 ரிங்கிட். தமையனார் வீட்டுக்கு மாதம் 800 வீதம் 9,600. பஸ், மடிக்கணினி, பரீட்சை, சுற்றுலா, விசா, காப்புறுதி, விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து 10,400. மொத்தம் 52,000 ரிங்கிட். ரிங்கிட் ஒன்றுக்கு 70 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 36 இலட்சம். மாதத்துக்கு 3 இலட்சம். கணவர் அனுப்புவது 2 இலட்சத்து 20 ஆயிரம், உங்கள் சம்பளத்தில் கைக்கு வருவது 60 ஆயிரம், வீட்டுச் செலவு 90 ஆயிரம். மிஞ்சுவது 1 இலட்சத்து 90 ஆயிரம். ஆக, மாதாமாதம் 1 இலட்சத்து 10 ஆயிரம் துண்டு விழுகிறது. முதல் நாளிலிருந்தே விழுந்துகொண்டிருக்கிறது. இது தற்காலிக நெருக்கடி அல்ல. இந்தச் செலவை உங்கள் வருமானம் எந்த மாதத்திலும் தாங்கியதில்லை.

அந்தப் பாடசாலையைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. வகுப்பில் இருபது பேர், ஒரே மேசையில் கொரியப் பிள்ளையும் நைஜீரியப் பிள்ளையும், எழுந்து நின்று ஒப்புவிக்கச் சொல்லாமல் "நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்கும் ஆசிரியர், ஆய்வுகூடம், நாடக மேடை. மகன் மகிழ்ச்சியாக இருப்பதை நம்புகிறேன். ஆனால் இப்படிப்பட்ட பாடசாலைகள் யாருக்காகத் தோன்றின என்று பாருங்கள். 1924ஆம் ஆண்டு ஜெனீவாவில் சர்வதேசப் பாடசாலை தொடங்கப்பட்டது, நாடுகள் சங்கத்திலும் சர்வதேசத் தொழில் அமைப்பிலும் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்காக. இன்றும் இத்தகைய பாடசாலைகளில் பல பிள்ளைகளின் கட்டணத்தைத் தந்தையோ தாயோ வேலை செய்யும் நிறுவனம் கொடுக்கிறது. அந்தக் குடும்பங்களை மனத்தில் வைத்தே விலையும் வைக்கிறார்கள். உங்கள் மகனின் இரண்டு நெருங்கிய நண்பர்கள் தந்தையின் இடமாற்றத்தோடு வேறு நாட்டுக்குப் போய்விட்டதாக எழுதியிருக்கிறீர்களே, அவர்கள் அப்படிப்பட்ட பிள்ளைகள்தான். அவர்களோடு சமமாக நிற்க உங்கள் மகனுக்கு உங்கள் கழுத்து நகைதான் இருக்கிறது.

கல்விச் சுற்றுலாவுக்குக் காசு கேட்டு வந்த கடிதத்தை அவன் பையில் மறைத்து வைத்திருந்தான் என்ற வரியைப் பலமுறை வாசித்தேன். 14 வயதுப் பிள்ளைக்கு வீட்டு நிலைமை தெரிந்திருக்கிறது. நீங்கள் இருவரும் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசாமல் இருக்கிறீர்கள்.

இனி இரண்டு வழிகளையும் பார்ப்போம். ஐஜிசிஎஸ்இ (நம் சாதாரண தரத்துக்கு ஒப்பான வெளிநாட்டுப் பரீட்சை) முடிய இன்னும் ஐந்து தவணைகள், அதாவது சுமார் 20 மாதங்கள். இதே போக்கில் போனால் அப்போது அடகுக் கடன் ஏறத்தாழ 55 இலட்சமாக இருக்கும். 16 பவுண் அதைத் தாங்காது, வயல் போகும். அதற்கு மேல் ஏ லெவல் (நம் உயர்தரத்துக்கு ஒப்பானது) வரை அங்கேயே என்றால் கடன் ஒரு கோடியைத் தாண்டும். கட்டணம் ஆண்டுதோறும் உயர்வதையும் நாணய மதிப்பு மாறுவதையும் இதில் நான் சேர்க்கவேயில்லை. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஏ லெவலோடும் செலவு முடியாது. நம் அரச பல்கலைக்கழகங்களுக்கான வாசல் பெரும்பாலும் இலங்கை உயர்தரப் பரீட்சைதான். பல கற்கைநெறிகளுக்கு 40 வீத இடங்கள் நாடு தழுவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும் 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் போகின்றன. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்தப் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருக்கின்றன. வெளிநாட்டுப் பரீட்சையோடு வருபவர்களுக்கு இருப்பது மிகச் சில இடங்களே. இங்கே இலவசமாகக் கிடைக்கக்கூடிய பட்டத்தைக் கைவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கட்டணத்தையும் நீங்கள் தலையில் ஏற்றிக்கொள்ள வேண்டி வரும். பிள்ளையை அனுப்பும்போது இந்தப் பகுதியை யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன்.

மற்ற வழி: மகன் வீட்டுக்கு வருகிறான். அவனுக்கு இங்கே பிரத்தியேக வகுப்பு உட்பட மாதம் 30 ஆயிரம் வைத்துக்கொள்ளுங்கள். மீதி 1 இலட்சத்து 60 ஆயிரத்தையும் அடகுக்கே கட்டினால் 17 மாதங்களில் 16 பவுணும் வீட்டில் இருக்கும். வயலைத் தொட வேண்டியதில்லை. இதைத்தான் செய்யுங்கள் என்கிறேன்.

அவசரமாகப் பிடுங்கிக்கொண்டு வர வேண்டாம். விலகுவதற்கு ஒரு தவணை முன்னறிவித்தல் கொடுக்காவிட்டால் அந்தத் தவணைக் கட்டணத்தையும் வைப்புப் பணத்தையும் பிடித்துக்கொள்ளும் பாடசாலைகள் பல உண்டு. நீங்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து வாசியுங்கள். இந்த வாரமே முன்னறிவித்தல் கடிதத்தை அனுப்புங்கள். வின்சன்ட் மகளிர் பாடசாலையில் நீங்கள் படித்ததாகவும், மகன் போகும் முன் சிவானந்தாவில் படித்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அவன் எந்த வகுப்பில் சேரலாம் என்று அங்குள்ள அதிபரையும் வலயக் கல்வி அலுவலகத்தையும் இப்போதே எழுத்தில் கேளுங்கள். ஐஜிசிஎஸ்இ பாடங்களை அவன் விடவே மாட்டேன் என்றால், தனிப்பட்ட பரீட்சார்த்தியாக இலங்கையிலிருந்தும் அவற்றை எழுத முடியும். அங்கே அவன் பெற்ற ஆங்கிலமும் கேள்வி கேட்கும் துணிச்சலும் விமானத்தில் அவனோடு திரும்பி வரும்.

வரும் கடைசித் தவணைக்கான பணத்தையாவது கணவர் டோஹாவிலிருந்து நேராக மலேசியாவுக்கு அனுப்பட்டும். றியாலை ரூபாயாக்கி, ரூபாயை மீண்டும் ரிங்கிட்டாக்கி இரண்டு தடவை இழக்கிறீர்கள்.

தமையனாரின் திட்டத்தைப் பற்றி. மாதம் 4 வீதம் என்பது வட்டிக்கு வட்டியோடு ஆண்டுக்கு 60 வீதம். அப்படி உழைக்கத் தெரிந்தவர்கள் வெல்லாவெளி வயலுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். டிஜிட்டல் நாணயங்களின் அபாயம் பற்றி மத்திய வங்கி பலமுறை எச்சரித்திருக்கிறது. ஆளுக்கு ஆள் சேர்க்கும் பிரமிட் திட்டமாக இருந்தால், வங்கிச் சட்டத்தின்படி அதில் ஆட்களைச் சேர்ப்பதே குற்றம். அவர் உங்கள் பிள்ளையை வீட்டில் வைத்துப் பார்த்த அன்பு பெரியது. அதற்கு நன்றி சொல்லுங்கள். அந்த நன்றிக்கு ஈடாக வயல் உறுதியைக் கொடுக்க வேண்டியதில்லை. உங்களுக்குத் தயக்கமாக இருந்தால் கணவர் பேசட்டும். அவருடைய தமையன் அவர்.

ஊர் என்ன சொல்லும் என்று கேட்டிருந்தீர்கள். மட்டக்களப்பில் பெண் பிள்ளைக்கு வீடும் காணியும் வைப்பது பெற்றோரின் கடமை என்று நினைக்கும் ஊர் இது. அண்ணனின் படிப்புக்காகத் தங்கையின் வயல் போனால், அதையும் இதே ஊர்தான் பேசும். உங்கள் மகளும் ஒருநாள் கேட்பாள்.

கணவரிடம் ஒன்று விசாரிக்கச் சொல்லுங்கள்: அடுத்த ஒப்பந்தம் புதுப்பிக்கும்போது பிள்ளைகளின் கல்விக்கான கொடுப்பனவு கிடைக்குமா? அது எழுத்தில் கிடைத்தால், மகனின் பாடசாலையைப் பற்றி மீண்டும் எழுதுங்கள். கணக்கைப் புதிதாகப் போட்டுப் பார்ப்போம். அதுவரை அடகுச் சீட்டைப் புதுப்பிக்கும் நாளில் வட்டியைக் கட்டுங்கள், முடிந்தால் முதலிலும் கொஞ்சம் கட்டுங்கள். "இன்னும் தரலாம்" என்று அவர்கள் சொன்னால் வாங்காமல் வாருங்கள்.