வருமான கினியும் நுகர்வு கினியும் ஒத்துப்போகவில்லையா?

ஒரே குடும்பக் கணக்கெடுப்பில் வருமானத்தை வைத்துப் பார்த்தால் கினி (ஏற்றத்தாழ்வை அளக்கும் எண்; அது கூடினால் ஏற்றத்தாழ்வும் கூடுதல்) அதிகமாகவும், நுகர்வை வைத்துப் பார்த்தால் நன்றாகக் குறைந்தும் வருகிறது, எங்கே தப்பு செய்தேன் என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் தப்பே இருக்காது. வருமானம் மாதத்துக்கு மாதம் ஏறி இறங்கும். குடும்பங்கள் சேமிப்பை எடுத்தோ கடன் வாங்கியோ செலவைச் சமாளித்துக்கொள்கின்றன. பொருளாதார அறிஞர் மில்டன் ஃபிரீட்மன் 1957-இல் முன்வைத்த நிரந்தர வருமானக் கருதுகோளின் சாரம் இதுதான். வசதியானவர்கள் வருமானத்தில் மற்றவர்களைவிடப் பெரிய பங்கைச் சேமிப்பதும் நுகர்வு கினியைக் கீழே இழுக்கும்.

ஆனால் நீண்ட நாள் உழைக்கும் பொருட்களை எப்படிக் கணக்கில் எடுத்தீர்கள் என்று முதலில் பாருங்கள். இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். கணக்கெடுத்த மாதத்தில் கார் வாங்கிய வீடு திடீரென்று பணக்கார வீடாகத் தெரியும். அதே மாதிரி காரை ஐந்து வருடமாக ஓட்டும் பக்கத்து வீடு ஏழையாகத் தெரியும். வாங்கிய விலையை விட்டுவிட்டு, அந்தப் பொருள் ஒரு வருடத்தில் தரும் பயனின் மதிப்பைச் சேருங்கள். சொந்த வீட்டுக்கும் அப்படித்தான்: வாடகைக்கு விட்டால் என்ன கிடைக்குமோ, அதைச் சேர்க்க வேண்டும்.

அப்புறம் குடும்ப அளவு. பெரிய வீட்டையும் சின்ன வீட்டையும் ஒப்பிட, ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப வகுக்க வேண்டும். ஆட்களின் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுப்பதாக இருந்தால், 4 பேர் உள்ள வீட்டின் செலவை 2-ஆல் வகுக்க வேண்டும். இரண்டு கினிக்கும் ஒரே முறை இருக்கட்டும்.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. கடன் வாங்கி மருத்துவச் செலவு செய்த வீடு உங்கள் அட்டவணையில் வசதியான வீடாக நிற்கும். அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்காமல் தயவுசெய்து முடிவு எழுதிவிடாதீர்கள்.