லிஃப்டில் நிறை கூடுவது உண்மையா?

கேள்வி: லிஃப்ட் மேலே கிளம்பும்போது உடம்பு பாரமாகிறதே, நிறை உண்மையிலேயே கூடுகிறதா, இல்லை வெறும் உணர்வா?

வெறும் உணர்வு இல்லை. தராசில் ஏறி நின்றால் முள்ளே நகரும். ஆனால் பூமி உங்களை இழுக்கும் விசை கடுகளவும் மாறவில்லை. மாறுவது, தளம் உங்களை மேலே தள்ளும் விசை. உயர்தரப் பாடத்தில் மறுதாக்கம் என்று படிப்போமே, அது. தராசு காட்டுவதும் கால்கள் உணர்வதும் அதைத்தான். தோற்ற நிறை என்பது இதுவே.

60 கிலோ ஆள் சும்மா நிற்கும்போது மறுதாக்கம் 60 × 9.8 = 588 நியூட்டன். 9.8 என்பது புவியீர்ப்பு தரும் ஆர்முடுகல், மீ/செ² அலகில்; ஆர்முடுகல் என்றால் வேகம் மாறும் வீதம். லிஃப்ட் 1.2 மீ/செ² ஆர்முடுகலோடு மேலே கிளம்பினால் 60 × (9.8 + 1.2) = 660 நியூட்டன். தராசு ஏறத்தாழ 67 கிலோ காட்டும். அப்புறம் வேகம் சீரானதும் மறுபடி 588தான், எவ்வளவு விரைவாகப் போனாலும் சரி.

யாழ்ப்பாணத்தில் என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலர் "மேலே போனால் கூடும், கீழே வந்தால் குறையும்" என்று மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். அது பிழை. மேலே போகும் லிஃப்ட் நிற்கப் போகும்போது நிறை குறையும். கீழே வருவது நிற்கப் போகும்போது கூடும். பார்க்க வேண்டியது ஆர்முடுகலின் திசையை. போகும் திசையை அல்ல.

இதற்கு லிஃப்டைவிட நல்ல இடம், குறிகட்டுவானில் இருந்து நெடுந்தீவு போகும் படகு. கடல் கொஞ்சம் குழம்பிய நாளில் கவனியுங்கள். அலையின் அடியில் படகு இறங்குவதை விட்டு ஏறத் தொடங்குகிறது. ஆர்முடுகல் மேல்நோக்கி, பலகை உங்களை அழுத்தும். உச்சியில் நேர்மாறு. உடம்பு இலேசாகி வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வரும். உள்ளுறுப்புகளைத் தாங்கும் விசை அந்தக் கணத்தில் குறைவதால் வருவது அது. இந்த இரண்டு இடத்திலும் படகின் மேல்கீழ் வேகம் பூச்சியம், ஆர்முடுகலோ அங்கேதான் மிக அதிகம். இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

கீழ்நோக்கிய ஆர்முடுகல் 9.8 ஆகிவிட்டால் மறுதாக்கம் பூச்சியம். விண்வெளி நிலையத்தில் மிதப்பவர்களுக்கும் இதே கதைதான். சுமார் 400 கிலோமீற்றர் உயரத்திலும் புவியீர்ப்பு தரையில் உள்ளதில் பத்தில் ஒன்பது பங்கு இருக்கிறது. நிலையமும் அவர்களும் சேர்ந்தே விழுந்துகொண்டிருக்கிறார்கள்.

நீங்களே சோதிக்க ஒரு ஸ்மார்ட்போன் போதும். ஆர்முடுகலை அளக்கும் இலவசச் செயலி ஒன்றை இறக்கி, போனை மேசையில் கிடத்துங்கள், அசையாமல் இருந்தும் 9.8க்குக் கிட்டக் காட்டும். தராசைப் போல அதுவும் உணர்வது மேசை மேலே தள்ளுவதைத்தான். அப்படியே லிஃப்ட் தரையில் வைத்து, கிளம்பும்போதும் நிற்கும்போதும் எண் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள்.