“கேன்சர்மா, அடுத்தது யாரு?” என்று சொன்ன டாக்டர் மீது வழக்குப் போட முடியுமா?

கேள்வி: எனக்கு 43 வயது. பாலக்கோடு பக்கம் கிராமம். வீட்டுக்காரருக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. போன மாதம் இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொழுந்தனாரைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தர்மபுரியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுத்தார்கள். ரிப்போர்ட் வந்ததும் டாக்டர் உள்ளே கூப்பிட்டார். அங்கே ஏற்கெனவே நாலைந்து நோயாளிகள் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தை லைட்டில் வைத்துப் பார்த்தவர், என் முகத்தைக்கூடப் பார்க்காமல், “கேன்சர்மா. வியாழக்கிழமை மார்பை எடுத்துடலாம். வெளியே சிஸ்டர்கிட்ட பணம் கட்டிட்டுப் போங்க. அடுத்தது யாரு?” என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. “அழுதா சரியாயிடுமா? முன்னாடியே வந்திருக்கணும்” என்றார். வெளியே 20,000 ரூபாய் முன்பணம் கட்டினோம். எதுவும் நிரப்பாத ஒரு ஃபாரத்தில் என்னிடமும் கொழுந்தனாரிடமும் கையெழுத்து வாங்கினார்கள்.

அந்த அறையில் இருந்தவர்களில் ஒருத்தி எங்கள் ஊர்க்காரி. சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கிற நேரம். பயந்துபோய் வியாழக்கிழமை நான் போகவில்லை. வேறு இடத்தில் காட்டலாம் என்று படத்தையும் ஃபைலையும் கேட்டதற்கு, “இங்க ஆபரேஷன் பண்ணாதான் ஃபைல், அட்வான்ஸ் திரும்ப வராது” என்கிறார்கள். அப்படிச் சொன்னதைக் கொழுந்தனார் போனில் ரெக்கார்ட் செய்திருக்கிறார். ரிப்போர்ட்டையும் போட்டோ பிடித்து வைத்திருந்தார், இத்துடன் அனுப்பியிருக்கிறேன். தம்பி நாலு பேரோடு போய்க் கேட்கிறேன் என்று நிற்கிறான். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டைப் பெரிதாக்கி இரண்டு முறை படித்தேன். ‘கேன்சர்’ என்று அதில் எந்த இடத்திலும் இல்லை. முடிவு என்ற இடத்தில் ‘பைராட்ஸ் 4’ என்றும், அதற்குக் கீழே திசுப் பரிசோதனை செய்து உறுதிப்படுத்தவும் என்றும்தான் இருக்கிறது. நான் வக்கீல், டாக்டர் இல்லை. ஆனால் இந்த மாதிரி வழக்குகளுக்காக இந்த ரிப்போர்ட்டுகளைப் படித்துப் பழகியவன். பைராட்ஸ் 4 என்றால் சந்தேகப்பட வேண்டிய கட்டி, பயாப்ஸி, அதாவது கட்டியிலிருந்து கொஞ்சம் திசு எடுத்துச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று பொருள். அது கேன்சராக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். படத்தை வைத்து மட்டும் யாரும் அடித்துச் சொல்ல முடியாது.

அதனால் வழக்கை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரமே பயாப்ஸி எடுங்கள். அந்த ஆஸ்பத்திரி படத்தைக் கொடுக்கும் வரை காத்திருக்க வேண்டாம். உங்கள் போனில் இருக்கிற ரிப்போர்ட் போதும், தேவையானால் படத்தைத் திரும்ப எடுப்பார்கள். தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். வீட்டுக்காரர் ஓசூரில் இருப்பதால் பெங்களூரு கித்வாய் கேன்சர் ஆஸ்பத்திரி உங்களுக்குத் தூரம் இல்லை. சென்னை என்றால் 1954-லிருந்து நடக்கிற அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்றால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் சேரலாம். அட்டை இல்லாவிட்டால் ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் எடுத்துக்கொண்டு கலெக்டர் ஆபீசில் இருக்கிற காப்பீட்டு மையத்துக்குப் போங்கள். நுகர்வோர் வழக்குக்குச் சட்டம் 2 வருடம் அவகாசம் தருகிறது. கட்டி அத்தனை நாள் காத்திருக்காது.

இனி டாக்டர் விஷயம். முகம் பார்க்காமல் பேசியது, அழுதவரை அதட்டியது, மூன்று நிமிடத்தில் வெளியே அனுப்பியது, இதெல்லாம் மனதை அறுக்கிற காரியம்தான். ஆனாலும் “டாக்டர் கடுமையாகப் பேசினார்” என்பதை மட்டும் வைத்து வழக்குப் போட்டால் பெரும்பாலும் நிற்காது. எரிந்து விழுவதற்குத் தண்டனை என்று சட்டத்தில் தனியாக ஒரு பிரிவு இல்லை. இதைச் சொன்னால் கட்சிக்காரர்களுக்கு என் மேல் கோபம் வரும். வந்தாலும் பரவாயில்லை, பொய் நம்பிக்கை கொடுத்து வக்காலத்து வாங்குவது எனக்கு ஆகாது. உங்கள் கேஸில் பலம் இருப்பது அந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் நடந்த மற்றக் காரியங்களில்.

முக்கியமானது அந்த வெற்று ஃபாரம். ஆபரேஷனுக்குச் சம்மதம் என்பது கையெழுத்து மட்டும் இல்லை. என்ன நோய், என்ன சிகிச்சை, வேறு வழி உண்டா, ஆபத்து என்ன, செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று நோயாளிக்குப் புரிகிற மாதிரி சொன்ன பிறகு அவர் தருவதுதான் சம்மதம். சமீரா கோலி வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்த வழக்கில் ஒரு பெண் வயிற்றில் குழாய் விட்டுப் பார்க்கிற பரிசோதனைக்குத்தான் சம்மதித்திருந்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போது வெளியே நின்ற அம்மாவிடம் சம்மதம் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் எடுத்தேன் என்றார் டாக்டர். வயது வந்த, சுயநினைவு திரும்பக்கூடிய பெண்ணுக்கு உயிர் போகிற அவசரம் இல்லாதபோது அவருக்காக அம்மா சம்மதிக்க முடியாது என்றது நீதிமன்றம். அம்மாவே முடியாது என்றால் உங்கள் கொழுந்தனாரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? நம் பக்கத்தில் இது ரொம்ப சகஜம். பெண்ணை வெளியே உட்காரவைத்துவிட்டு, கூட வந்த ஆண்பிள்ளை யாராக இருந்தாலும் அவரிடம் ஃபாரத்தை நீட்டுவார்கள். சட்டப்படி உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் சம்மதிக்க வேண்டும்.

அதே தீர்ப்பில் இன்னொன்றும் இருக்கிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்தப் பெண்ணுக்குக் கிடைத்த இழப்பீடு 25,000 ரூபாய். டாக்டருக்கு ஃபீஸ் தர வேண்டாம் என்றும் சொன்னார்கள், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் இந்தத் தொகையை நினைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, நோயின் தீவிரத்தை மிகைப்படுத்தவும் கூடாது, குறைத்துச் சொல்லவும் கூடாது என்று டாக்டர்களுக்கான 2002-ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகள் சொல்கின்றன. ரிப்போர்ட் சந்தேகம் என்கிறது, டாக்டர் கேன்சர் என்று முடித்துவிட்டு நாளும் குறித்துவிட்டார். ஆபரேஷன் மேசையிலேயே திசுவைச் சோதித்து முடிவெடுக்கிற வழக்கமும் உண்டு. நாளைக்கு அவர் பக்க வக்கீல் அதைத்தான் சொல்வார். சொல்லட்டும். அப்படி ஒரு திட்டம் இருந்திருந்தால் அதை உங்களிடம் முதலில் சொல்லியிருக்க வேண்டுமே.

ரகசியம் பற்றியும் அதே விதிமுறைகளில் இருக்கிறது. சிகிச்சையின்போது தெரியவந்த நோயாளியின் விஷயங்களை டாக்டர் வெளியிடக் கூடாது. நீதிபதி உத்தரவு, அடுத்தவருக்குக் கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய் என்று சில விதிவிலக்குகள்தான் உண்டு. நாலைந்து பேரை ஒரே அறையில் உட்காரவைத்துப் பார்ப்பது நேரத்தை மிச்சப்படுத்துவதற்கு. அது எந்த விதிவிலக்கிலும் வராது. ஊர் முழுக்கச் சொன்ன அந்த அம்மாவை விட்டுவிடுங்கள். டாக்டருக்கு இருக்கிற கடமை அவருக்கு இல்லை. அவர் மேல் புகார் கொடுத்தால் தெரியாத நாலு ஊருக்கும் தெரியும்.

ஃபைல் விஷயத்தில் உங்கள் பக்கம் இன்னும் பலமாக இருக்கிறது. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஆபரேஷன் செய்தால்தான் என்று நிபந்தனை போட அதில் இடமில்லை. வேறு டாக்டரிடம் கருத்துக் கேட்பது உங்கள் உரிமை. மேமோகிராம் படமோ நீங்கள் காசு கொடுத்து எடுத்தது. செய்யாத ஆபரேஷனுக்கு முழு முன்பணத்தையும் வைத்துக்கொள்வதற்கும் நியாயம் இல்லை.

சரி, இனி செய்ய வேண்டியது. ஆஸ்பத்திரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வக்கீல் நோட்டீஸ் இப்போது வேண்டாம், உங்கள் கையெழுத்தில் இருந்தால் போதும். இப்படி இருக்கட்டும்:

“இன்ன தேதியில் உங்கள் மருத்துவமனையில் எனக்கு மேமோகிராம் எடுக்கப்பட்டது. அன்று எதுவும் நிரப்பப்படாத படிவத்தில் என்னிடம் வாங்கிய கையெழுத்தை நான் சம்மதமாக ஏற்கவில்லை. இதன்மூலம் திரும்பப் பெறுகிறேன். என் படங்கள், அறிக்கைகள், மருத்துவக் குறிப்புகள் அனைத்தின் நகலையும் 72 மணி நேரத்துக்குள் தரவும். நடைபெறாத அறுவை சிகிச்சைக்காகக் கட்டிய ரூ.20,000-ஐ 15 நாளில் திருப்பித் தரவும்.”

இதற்கு மேல் ஒரு வரி வேண்டாம். அழுதது, அதட்டியது எல்லாம் இந்தக் கடிதத்தில் வரக் கூடாது. நேரில் கொடுத்தால் நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் வாக்குவாதம் செய்யாமல் தபால் ஆபீசுக்குப் போய், பெற்றுக்கொண்டதற்கான அத்தாட்சி கிடைக்கிற விதமாக ஸ்பீடு போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். முன்பண ரசீதையும் மருந்துச் சீட்டையும் எடுத்துப் பாருங்கள், டாக்டரின் பதிவு எண் அவற்றில் இருக்க வேண்டும். புகார் எழுதும்போது அது தேவைப்படும். அப்புறம், அன்று அறையில் நடந்ததை, யார் யார் இருந்தார்கள் என்பது உட்பட, ஒரு நோட்டில் தேதி போட்டு இப்போதே எழுதி வையுங்கள். வழக்கு வருகிற நாளில் பாதி மறந்துபோகும்.

கொழுந்தனாரின் ரெக்கார்டிங் பயன்படும். யாருக்கும் ஃபார்வர்டு செய்ய வேண்டாம், அந்த போனை விற்கவும் வேண்டாம். மின்னணுச் சாட்சியத்துக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவில் ஒரு சான்று தர வேண்டியிருக்கும். மூலப் பதிவு போனிலேயே இருந்தால் அது சுலபம்.

பதில் வராவிட்டால் பணத்துக்கும் ஃபைலுக்கும் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பல சமயம் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். காசு வாங்கி வைத்தியம் பார்க்கிற டாக்டர்கள் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவார்கள் என்று சாந்தா வழக்கில் 1995-லேயே தீர்ப்பாகிவிட்டது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே போடலாம். நீங்கள் கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கோர்ட் கட்டணம் கிடையாது. சிகிச்சையில் தவறு என்று வாதாடினால் வேறொரு நிபுணரின் கருத்து தேவைப்படும். ஃபைல் தரவில்லை, பணம் தரவில்லை, வெற்றுத் தாளில் கையெழுத்து என்பதற்கெல்லாம் நிபுணர் எதற்கு? அதனால்தான் வழக்கை இந்த மூன்றின் மேல் கட்டச் சொல்கிறேன். மன உளைச்சலுக்கான இழப்பீட்டை இவற்றோடு சேர்த்துக் கேட்கலாம். ஊர்க்காரி முன்னால் நோயைச் சொன்னதும் “அழுதா சரியாயிடுமா” என்றதும் அங்கேதான் எடுபடும்.

டாக்டரின் நடத்தைக்குச் சென்னையில் உள்ள தமிழ்நாடு மருத்துவக் கவுன்சிலில் புகார் செய்யலாம். அவர்கள் எச்சரிக்கலாம், பெயரைக் குறிப்பிட்ட காலத்துக்குப் பதிவேட்டிலிருந்து நீக்கலாம். பணம் வாங்கித் தர மாட்டார்கள். ஆஸ்பத்திரி நடக்கிற விதம் பற்றித் தர்மபுரியில் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் மனு கொடுங்கள். தனியார் ஆஸ்பத்திரிகளின் பதிவு அவர் கையில் இருப்பதால் அந்த மனுவுக்கு ஆஸ்பத்திரி நிர்வாகம் கொஞ்சம் அசையும்.

தம்பியைக் கட்டாயம் தடுத்து நிறுத்துங்கள். ஆஸ்பத்திரியில் கை ஓங்கினாலோ கண்ணாடி உடைந்தாலோ 2008-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 10 வருடம் வரை சிறை, ஜாமீனில் விடக்கூடிய குற்றமும் இல்லை. இன்றைக்குப் பாதிக்கப்பட்டவர் நீங்கள். தம்பி உள்ளே நுழைந்து சத்தம் போட்ட நிமிடத்திலிருந்து பாதிக்கப்பட்டவர் டாக்டர். ஃபேஸ்புக்கில் டாக்டர் பெயரைப் போட்டு எழுதுவதும் இப்போது வேண்டாம். அவதூறு வழக்கு ஒன்றைத் தலையில் ஏற்றிக்கொண்டு கேன்சர் டெஸ்டுக்கு அலைய முடியுமா?

வக்கீல் ஃபீஸ் பற்றி யோசிக்காதீர்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 1987-ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. மாவட்ட நீதிமன்றத்தில் இருக்கிற சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு எழுதிக் கொடுத்தால் வக்கீல் போட்டுத் தருவார்கள். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம்.

கடிதத்தை நாளைக்கே அனுப்புங்கள். கவுன்சில் புகாரை மட்டும் பயாப்ஸி முடிவு வந்த பிறகு எழுதலாம். முடிவு எதுவாக இருந்தாலும் அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்புங்கள், எந்த வரியை எங்கே வைப்பது என்று அப்போது சொல்கிறேன்.